இஷிகுரோவின் ‘தி பெரீட் ஜயன்ட்’: இடைக்காலக் கதைமரபோடு சேர்த்துப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கசுவோ இஷிகுரோவின் ‘தி பெரீட் ஜயன்ட்’ (புதைக்கப்பட்ட அரக்கன்) என்ற ஆங்கில நாவல் 2015-இல் வெளிவந்தது. 2017-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்த பிறகு அவருடைய மற்ற நாவல்களை ரசித்துப் படித்துவிட்டு இதற்கு வந்து, பாதியில் மூடி வைத்துவிட்டவர்களை நான் அடிக்கடிப் பார்க்கிறேன். முழுதாகப் படித்தவர்களிலும் பலர் “ஆர்தர் கதையை எடுத்து நினைவு, மறதி பற்றி எழுதியிருக்கிறார்” என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த வரி தப்பில்லை. ஆனால் அதோடு நின்றால் நாவலின் பெரும்பகுதி கைக்கு வராமலே போய்விடும். இடைக்காலக் கதைமரபை இந்த நாவலோடு வைத்துப் பார்க்கும்போது எங்கெல்லாம் வழுக்குகிறோம் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கதையின் முடிவு வரை பேச வேண்டியிருப்பதால், படிக்காதவர்கள் படித்துவிட்டு வரலாம்.

கதை இதுதான். பழைய பிரிட்டனை ஆண்டதாகக் கதைகள் சொல்லும் ஆர்தர் மன்னன் இறந்து காலம் ஆகிவிட்டது. ரோமானியர் எப்போதோ போய்விட்டார்கள். அந்த மண்ணின் பழைய குடிகளான பிரித்தானியரும், கடல் கடந்து வந்து குடியேறிய சாக்ஸன்களும் இப்போது அங்கே இருக்கிறார்கள். மலைச்சரிவைக் குடைந்து வாழும் ஓர் ஊரில் ஆக்ஸல், பியாட்ரிஸ் என்று ஒரு வயதான தம்பதி. இராத்திரியில் வைத்துக்கொள்ள ஒரு மெழுகுவர்த்திகூட அவர்களுக்குத் தராத ஊர் அது. நாடு முழுவதும் ஒரு மூடுபனி பரவி மனிதர்களின் நினைவைத் தின்றுகொண்டிருக்கிறது. தங்களுக்கு ஒரு மகன் உண்டு, எங்கோ ஓர் ஊரில் இருக்கிறான் என்ற மங்கலான நினைப்போடு இருவரும் அவனைத் தேடிக் கிளம்புகிறார்கள். வழியில் விஸ்டன் என்ற சாக்ஸன் வீரன், எட்வின் என்ற சிறுவன், துருப்பிடித்த கவசத்தோடு ஹொரஸ் என்ற கிழட்டுக் குதிரையுடன் திரியும், ஆர்தரின் பழைய வீரரான சர் கவெய்ன் ஆகியோரைச் சந்திக்கிறார்கள். மூடுபனிக்குக் காரணம் குவெரிக் என்ற பெண் டிராகனின் மூச்சு என்று தெரியவருகிறது.

மரபு என்று நான் சொல்வது, 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் கிரெத்தியேன் த துருவா எழுதிய செய்யுள் கதைகள் முதல், 1485-இல் காக்ஸ்டன் அச்சிட்ட தாமஸ் மாலரியின் ‘ல மோர்த் தார்தர்’ வரை நீளும் ஆர்தர் கதைகளை. ஒரு வீரன் அரசவையை விட்டுக் கிளம்புவான். காட்டில் ஓர் அற்புதம் எதிர்ப்படும். அது அவனைச் சோதிக்கும். இந்த வகைக்கு ரொமான்ஸ் என்று பெயர் இருப்பதால் காதல் கதையை எதிர்பார்த்து வர வேண்டாம்.

பொருத்தம் பார்த்து டிக் போடுவது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். கவெய்ன் இருக்கிறார், சரி. ஆர்தரின் மந்திரவாதி மெர்லின் பெயர் வருகிறது, சரி. டிராகன், சரி. மடம், அடிச்சுரங்கம், படகோட்டி, எல்லாம் சரி. “மரபின் தாக்கம் தெளிவாக இருக்கிறது” என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். கல்லூரி ஆய்வேடுகளில் இது மிகச் சாதாரணம். பெயரும் பொருளும் ஒத்துப்போவது மரபின் மேல்தோல் மட்டும்தான். அந்தப் பழைய கதை தன் நாயகனிடம் என்ன கேட்டது, இந்த நாவல் அதே கேள்வியை எடுத்து வைத்து என்ன பதில் வாங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

கவெய்னையே எடுத்துக்கொள்வோம். 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெயர் தெரியாத ஒரு கவிஞர் எழுதிய ‘சர் கவெய்னும் பச்சை வீரனும்’ என்ற 2530 அடிக் கவிதை இருக்கிறது. ஒரு பச்சை மனிதன் ஆர்தரின் புத்தாண்டு விருந்துக்கு வந்து, “என் தலையை வெட்டு, ஒரு வருடம் கழித்து நான் உன்னை வெட்டுகிறேன்” என்று சவால் விடுகிறான். கவெய்ன் வெட்டுகிறான். வந்தவன் விழுந்த தலையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். வருடம் முடியும் நேரத்தில் கவெய்ன் அவனைத் தேடிப் போகிறான். வழியில் ஒரு கோட்டையில் தங்கும்போது வீட்டுக்காரருக்கும் இவனுக்கும் ஓர் ஒப்பந்தம்: பகலில் யாருக்கு என்ன கிடைத்தாலும் மாலையில் மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாள் வீட்டுக்காரரின் மனைவி ஒரு பச்சைக் கச்சையைக் கொடுத்து, “இதைக் கட்டியிருந்தால் உயிர் போகாது” என்கிறாள். கவெய்ன் அதை மட்டும் மறைத்துவிடுகிறான். கடைசியில் பச்சை வீரனின் கோடரி அவன் கழுத்தில் ஒரு கீறலோடு நின்றுவிடுகிறது. அந்தக் கீறல், மறைத்ததற்கான தண்டனை. வீட்டுக்காரரும் பச்சை வீரனும் ஒரே ஆள்தான்.

அப்புறம் நடப்பதுதான் நமக்கு முக்கியம். கவெய்ன் அந்தக் கச்சையைத் தன் வெட்கத்தின் அடையாளமாகத் தோளின் குறுக்கே கட்டிக்கொண்டு அரசவைக்குத் திரும்புகிறான். சாகும்வரை இதை அணிவேன் என்கிறான். ஒருவன் தன் குற்றத்தை மறைத்து வைக்கலாம், ஆனால் ஒருமுறை ஒட்டிக்கொண்டதை அவிழ்த்து எறிய முடியாது என்று சொல்கிறான். அதைக் கேட்டு அரசவை சிரிக்கிறது. எல்லோரும் ஆளுக்கொரு பச்சைப் பட்டை அணிவது என்று முடிவெடுக்கிறது. ஒருவனின் வெட்கம் எல்லோருக்கும் நகையாகிவிடுகிறது.

இப்போது நாவலின் கவெய்னிடம் வாருங்கள். டிராகனைக் கொல்லும் பணியை ஆர்தர் தன்னிடம் ஒப்படைத்ததாகப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டு மலையில் சுற்றுகிறார். ஏன் இன்னும் கொல்லவில்லை என்று ஊரார் கேலி செய்கிறார்கள். உண்மையில் அவர் டிராகனைக் கொல்ல வந்தவர் அல்ல, காக்க வந்தவர். மெர்லினின் மந்திரம் அந்த டிராகனின் மூச்சில் ஏறியிருக்கிறது. ஆர்தரின் படை, சாக்ஸன் ஊர்களின் பெண்களையும் குழந்தைகளையும் தொடமாட்டோம் என்று கொடுத்த வாக்கை மீறி அவர்களைக் கொன்று குவித்தது. அந்த நினைவு யாருக்கும் வராமல் இருக்கத்தான் மூடுபனி. மறதி இருக்கும்வரை அமைதி இருக்கும் என்று கவெய்ன் மனதார நம்புகிறார்.

ஆக, தன் குற்றத்தை யாரும் மறக்க விடமாட்டேன் என்று கச்சையை உடம்பில் கட்டிக்கொண்ட அதே மனிதர், முதுமையில் ஒரு நாட்டின் குற்றத்தை மறக்கடிக்கும் மிருகத்துக்குக் காவல் நிற்கிறார். எனக்கு இந்த நாவலின் மையம் இங்கேதான் இருக்கிறது. பழைய கவிதையில் தனி மனிதனின் நினைவுக்கும் கூட்டத்தின் சிரிப்புக்கும் இடையில் இருந்த இழுபறியில், கவெய்ன் கூட்டத்தின் பக்கம் போய்விட்டால் என்ன ஆகும் என்று இஷிகுரோ எழுதிப் பார்க்கிறார். பச்சைக் கச்சை நாவலில் தலைகாட்டாமல் போனாலும் இந்த உறவு இருக்கும். டிக் போடும் வாசிப்பில் இது சிக்கவே சிக்காது.

மரபு தூய்மையானது, நவீன எழுத்தாளர்தான் கெடுத்தார் என்று நம்புவது

“ஆர்தரைக் குழந்தைகளைக் கொன்றவனாகக் காட்டிவிட்டார், இது நவீன காலத்தின் கசப்பு” என்று சொல்பவர்கள் மாலரியைத் திறந்து பார்த்ததில்லை என்றுதான் நினைக்க வேண்டும். மாலரியின் தொடக்கப் பகுதியிலேயே அது இருக்கிறது. மே முதல் நாள் பிறந்த ஒருவனால் உனக்கு அழிவு என்று மெர்லின் சொல்ல, அந்த நாளில் பிரபுக்கள் வீட்டில் பிறந்த குழந்தைகளையெல்லாம் வரவழைத்துக் கப்பலில் ஏற்றிக் கடலில் விடுகிறான் ஆர்தர். கப்பல் உடைகிறது. பெரும்பாலான குழந்தைகள் சாகிறார்கள். யாருக்குப் பயந்து இதைச் செய்தானோ அந்த மார்ட்ரெட் மட்டும் கரை ஒதுங்கிப் பிழைத்துக்கொள்கிறான். மாலரி இதற்குச் சில வரிகள்தான் ஒதுக்குகிறார், பிறகு வேறு கதைக்குப் போய்விடுகிறார். ஆர்தரின் வீரர்கள் கூடும் வட்டமேசையின் புகழுக்கு அடியில் அந்தக் குழந்தைகள் கிடக்கிறார்கள். மரபே புதைத்து வைத்த ஒன்றை இஷிகுரோ தோண்டியிருக்கிறார் என்று சொல்வதுதான் சரி.

இன்னும் பின்னால் போனால், 1136-ஐ ஒட்டி மான்மத் ஊர் ஜெஃப்ரி லத்தீனில் எழுதிய பிரிட்டன் மன்னர்களின் வரலாறு இருக்கிறது. வரலாறு என்று பெயரே தவிர, பெரும்பகுதி கட்டுக்கதை. ஆர்தர் கதைகள் ஐரோப்பா முழுவதும் பரவ அதுதான் வாசல். அதில் இரண்டு இடங்களை இந்த நாவலின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, வோர்டிகர்ன் மன்னனின் கோபுரம். கட்டக் கட்ட இடிந்து விழுகிறது. சிறுவன் மெர்லின் அடித்தளத்தைத் தோண்டச் சொல்கிறான். கீழே ஒரு குளம். அதை வடித்தால் இரண்டு டிராகன்கள் உறங்குகின்றன. எழுந்து ஒன்றையொன்று தாக்குகின்றன. சிவப்பு டிராகன் பிரித்தானியர், வெள்ளை டிராகன் சாக்ஸன்கள் என்று மெர்லின் விளக்குகிறான். நாவலின் தலைப்பையும், இரண்டு இனங்களின் பகை மண்ணுக்கடியில் தூங்குகிறது என்ற அதன் அடிப்படையையும் நினைத்துக்கொண்டு இதைப் படித்துப் பாருங்கள்.

இரண்டு, சாக்ஸன் தலைவன் ஹெங்கிஸ்டின் சூழ்ச்சி. சமாதான விருந்து என்று அழைத்து, காலணிக்குள் கத்தி மறைத்து வந்த சாக்ஸன்கள் பிரித்தானியத் தலைவர்களைக் கொன்றுவிடுகிறார்கள். செத்தவர்களின் நினைவு அழியக் கூடாது என்று அயர்லாந்திலிருந்து ‘அரக்கர்களின் வளையம்’ என்னும் பெருங்கற்களை மெர்லின் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்துகிறான். அதுதான் ஸ்டோன்ஹெஞ்ச் என்பது ஜெஃப்ரியின் கதை.

நாவல் இதை அப்படியே தலைகீழாகப் புரட்டுகிறது. அங்கே வாக்கை மீறியது சாக்ஸன்கள், இங்கே ஆர்தர். அங்கே மெர்லினின் வித்தை ஒரு படுகொலையை நினைவில் நிறுத்துகிறது, இங்கே மெர்லினின் வித்தை ஒரு படுகொலையை மறக்கடிக்கிறது. நாவலின் பிற்பகுதியில் ஆக்ஸலும் பியாட்ரிஸும் போய்ச் சேருகிற மலையுச்சியில் ‘அரக்கனின் கற்குவியல்’ என்று ஒன்று இருக்கிறது. இவ்வளவு உயரத்தில் ஆளுயரத்துக்கு மேல் கனமான கற்களை எதற்கு அடுக்கினார்கள் என்று கதைசொல்லி யோசிக்கிறார். முன்பு எப்போதோ போரில் மாண்ட பிஞ்சுகளுக்காக இருக்கலாமோ என்கிறார். இஷிகுரோ ஜெஃப்ரியை மேசையில் வைத்துக்கொண்டு எழுதினாரா என்பது எனக்கு முக்கியமில்லை. ஆர்தர் கதை பிறந்த காலத்திலிருந்தே யாருடைய சாவுக்குக் கல் நாட்டுவது, யாருடைய சாவை மறப்பது என்ற கேள்வி அதற்குள் இருந்தது. அதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்தக் கற்குவியலின் முன் நாமும் கொஞ்ச நேரம் நிற்போம்.

எல்லாவற்றையும் ஒரே மரபில் அடைப்பது

விஸ்டனையும் வட்டமேசைக் கதைகளில் தேடினால் கிடைக்க மாட்டான். அவன் வேறு இலக்கியத்திலிருந்து வருகிறான். சாக்ஸன் ஊரில் சிறுவனைத் தூக்கிப்போன ராட்சதர்களை அவன் கொன்றுவிட்டுத் திரும்பும் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கையில் எதையோ தூக்கிக் காட்டுகிறான். கூட்டம் அதைத் தலை என்று நினைக்கிறது. பார்த்தால் தோளும் மேற்கையும் சேர்ந்த ஒரு துண்டம். பழைய ஆங்கிலக் காவியமான ‘பெயோவுல்ஃப்’ படித்தவர்களுக்கு உடனே புரிந்துவிடும்: கிரெண்டல் என்ற ராட்சதனின் கை தோளோடு பிய்ந்து வருகிற இடம் அது. அந்தக் காவியத்தில் டிராகனுக்கு முன் தலைவனோடு நிற்கும் வீரனின் தந்தை பெயர் வேயோஸ்தான். விஸ்டன் என்ற பெயர் அதற்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது.

ஆகவே மலையுச்சியில் கவெய்னும் விஸ்டனும் வாளோடு எதிரெதிரே நிற்பதை இரண்டு ஆட்களின் சண்டையாக மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். தோற்றுப்போன பிரித்தானியரின் பழைய பெருமையில் முளைத்த கதைகளும், அந்த மண்ணைப் பிடித்த சாக்ஸன்களின் மொழியில் இருந்த காவியமும் அங்கே நேருக்கு நேர் நிற்கின்றன. இன்னொரு செய்தியும் இங்கே சொல்ல ஆசை. கவெய்ன் கவிதையும் பெயோவுல்ஃபும் உலகில் ஆளுக்கு ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில்தான் பிழைத்தன. இரண்டும் ராபர்ட் காட்டன் என்பவரின் சேகரிப்பில் இருந்தவை. 1731-இல் அந்த நூலகம் இருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. பெயோவுல்ஃபின் ஓரங்கள் கருகின. அன்றைக்குத் தீ இன்னும் கொஞ்சம் பரவியிருந்தால் நாம் பேசிக்கொண்டிருக்கும் எதுவும் இல்லை.

வரலாற்றுப் பிழை பிடிப்பது, எந்த அலமாரி என்று சண்டை போடுவது

ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டில் இப்படிக் கவசம் ஏது, ‘சர்’ பட்டம் ஏது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: ஆர்தர் வாழ்ந்ததாகச் சொல்லும் காலம் வேறு, ஆர்தர் கதைகள் எழுதப்பட்ட காலம் வேறு. கிரெத்தியேனும் மாலரியும் தங்கள் காலத்து உடையைத்தான் அவனுக்குப் போட்டார்கள். நாவல் அந்தக் கதைகளின் ஆர்தரை எடுத்துக்கொள்கிறது.

நாவல் வந்தபோது, இதை ஃபேண்டஸி (மாயக்கதை) என்று சொல்லிவிடுவார்களோ என்று இஷிகுரோ ஒரு பேட்டியில் யோசித்துக் கேட்டதும், அதற்கு ஃபேண்டஸி எழுத்தாளர் உர்சுலா லெ குவின் கோபமாக எழுதியதும் பெரிய பேச்சாக இருந்தது. அந்த விவாதத்தைப் படித்துவிட்டு நாவலுக்குள் போகாதீர்கள். இலக்கியம் தனி, ஃபேண்டஸி தனி என்ற பிரிவே இல்லாத காலத்துக் கதைவகை இது.

சண்டை இல்லை, வேகம் இல்லை என்று குறைப்படுவது

டிராகன் என்று 300 பக்கம் பேசிவிட்டு, கடைசியில் ஒரு பள்ளத்தில் வற்றிப்போய் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்கும் ஒரு கிழட்டு உயிரைக் காட்டுகிறார். விஸ்டன் இறங்கிப் போய் ஒரே வீச்சில் முடித்துவிடுகிறான். ராட்சதர்களோடு நடந்த சண்டை நம் கண்முன் நடப்பதே இல்லை. “வீரகதை மரபை ஏமாற்றிவிட்டார்” என்று இதைச் சொல்கிறார்கள்.

கவெய்ன் கவிதையில் அவன் குளிர்காலத்தில் தனியாகப் போகும் பகுதியைப் பாருங்கள். இஷிகுரோவே இந்த நாவலுக்கு வழி திறந்தது என்று சொன்ன இடம் அது. பாறைகளில் ஏறுகிறான். கடக்கும் ஒவ்வொரு நீர்த்துறையிலும் ஒரு பகைவன் நிற்கிறான். டிராகன்கள், ஓநாய்கள், காட்டு மனிதர்கள், காளைகள், கரடிகள், பன்றிகள், மேட்டு நிலத்திலிருந்து மூச்சிரைக்கத் துரத்திவரும் ராட்சதர்கள். இத்தனையையும் கவிஞர் நாலைந்து அடியில் சொல்லி, பத்தில் ஒரு பங்கைச் சொல்வதுகூடச் சிரமம் என்று தாண்டிவிடுகிறார். ஆனால் குளிருக்கு வந்ததும் நிதானிக்கிறார். மேகத்திலிருந்து விழும் நீர் தரையைத் தொடுமுன் உறைகிறது. இரும்புக் கவசத்தோடு பாறையில் படுத்துப் பனிமழையில் பாதி செத்துக் கிடக்கிறான். தலைக்கு மேலே பனிக்கூர்கள் தொங்குகின்றன. போரைவிடக் குளிர்தான் கொடுமை என்று கவிஞரே சொல்கிறார்.

இஷிகுரோவும் இதையேதான் செய்கிறார். ராட்சதர்களை அந்தக் காலத்து அன்றாடத் தொல்லைகளில் ஒன்றாகச் சொல்லிவிட்டு, பியாட்ரிஸின் விலாவில் இருக்கும் வலிக்கும், மழைக்கும், ஏற்றத்துக்கும் நேரம் கொடுக்கிறார். வாள்சண்டைகளில் நீண்ட நேரம் அசையாமல் நின்று ஒரு கணத்தில் முடியும் அந்தத் தோரணைக்கு சாமுராய் படங்களும் ஒரு காரணம் என்று அவர் பேசியிருக்கிறார். இருக்கட்டும். ஆனால் எதைச் சுருக்குவது, எதில் தங்குவது என்ற தேர்வு 14-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது.

கிழவன் கிழவியைத் துணைக்கதையாக எண்ணுவது

ஆர்தர் கதை என்றால் ஆர்தரின் வீரன் லான்ஸ்லாட், அரசி கினிவியர் போலக் கள்ளக்காதலும் இளமையும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு, கல்யாணமாகி எத்தனையோ வருடமான ஒரு ஜோடி நடந்துகொண்டே இருப்பது சலிப்பாக இருக்கிறது. இங்கேயும் மரபைக் கொஞ்சம்தான் பார்த்திருக்கிறார்கள்.

கிரெத்தியேன் ஏறக்குறைய 1170-இல் எழுதிய ‘எரெக்கும் எனீதும்’ ஒரு கணவன் மனைவியின் பயணம். கல்யாணம் கதையின் முதல் பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. மனைவி மயக்கத்தில் வீரத்தை விட்டுவிட்டான் என்று ஊர் பேசுகிறது. அதை எனீத் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள். எரெக் அவளை இழுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்புகிறான். நீ முன்னால் குதிரையில் போ, என்ன கண்டாலும் வாயைத் திறக்காதே என்று கட்டளை. ஒவ்வொரு முறை கொள்ளையர்கள் வரும்போதும் அவளுக்கு உள்ளே போராட்டம். கட்டளையை மீறினால் அவன் கோபம், மீறாவிட்டால் அவன் உயிர். ஒவ்வொரு முறையும் பேசிவிடுகிறாள். அவன் திட்டிவிட்டுச் சண்டைக்குப் போகிறான். அவள் அன்பைச் சோதிக்க அவன் வைத்திருக்கும் கருவி மௌனம்.

நாவலிலும் பியாட்ரிஸ்தான் முன்னால் நடக்கிறாள், ஆக்ஸல் பின்னால். ஆபத்து பின்னாலிருந்து வரும் என்பதால் அந்த ஏற்பாடு. ஆனால் இங்கே மௌனம் கிடையாது. நிமிடத்துக்கொரு தரம் அவள் திரும்பிப் பார்க்காமலே “இருக்கிறாயா, ஆக்ஸல்?” என்று கேட்க, “இருக்கிறேன், இளவரசி” என்று அவன் பதில் சொல்கிறான். முதல் சில தடவை இனிக்கும், அப்புறம் சலிக்கும், கடைசி அத்தியாயங்களில் நெஞ்சை அடைக்கும். ஏனென்றால் அவர்களின் நினைவு திரும்பத் திரும்ப, அந்தப் பேச்சுக்கு அடியிலும் ஒரு மௌனம் இருந்தது தெரிகிறது. பியாட்ரிஸ் ஒரு காலத்தில் வேறொருவனிடம் போயிருக்கிறாள். மகன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய்க் கொள்ளைநோயில் செத்திருக்கிறான். அவன் கல்லறைக்குப் போக மனைவியை ஆக்ஸல் அனுமதிக்கவில்லை. எரெக் மனைவியைப் பேசக்கூடாது என்று தடுத்தான், ஆக்ஸல் மகனைப் போய்ப் பார்க்கக்கூடாது என்று தடுத்தான். அந்த மகனைத் தேடித்தான் இருவரும் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார்கள்.

நாட்டின் கதையும் வீட்டின் கதையும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. டிராகனை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சும் கவெய்னைத் திட்டுவது சுலபம். இந்த இரண்டு கிழங்களுக்கும் மூடுபனி விலகத்தான் வேண்டுமா என்று கேட்டால் உடனே பதில் வருவதில்லை. துணைக்கதை என்று தள்ளிவைத்தால், கவெய்ன் சொல்வதில் இருக்கும் நியாயம் கண்ணில் படாது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி தேடுவது

மூடுபனி என்றால் எந்த நாடு, டிராகன் என்றால் எந்த அரசு என்று குறிப்புச்சொல் தேடுகிறவர்கள் உண்டு. யுகோஸ்லாவியாவின் உடைவும் ருவாண்டாவும் தன் மனதில் இருந்ததாக இஷிகுரோ சொல்லியிருப்பதால் இந்த ஆசை கூடிவிட்டது. ஆனால் நேராக அங்கே கதையை வைக்காமல் அவர் இவ்வளவு தூரம் விலகி வந்ததற்குக் காரணம், ஒரே ஒரு நாட்டைப் பற்றிய கதையாக அது சுருங்கக் கூடாது என்பதுதான். பச்சை வீரன் எதன் குறியீடு என்று கிறிஸ்து முதல் காட்டுத் தெய்வம் வரை எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள், கவிதை எதற்கும் பிடிகொடுக்கவில்லை. ரொமான்ஸில் அற்புதம் என்பது எதிரே நிற்பவனைச் சோதிக்க வருவது. மூடுபனியையும் அப்படியே வைத்துக்கொண்டு, அது ஆக்ஸலை என்ன செய்கிறது, விஸ்டனை என்ன செய்கிறது என்று ஆள் ஆளாகப் பார்ப்பது பலன் தரும். விஸ்டனே ஓரிடத்தில் எட்வினிடம் பிரித்தானியர் எல்லோரையும் வெறுப்பாய் என்று சத்தியம் வாங்கிவிட்டு, தானே அந்த வெறுப்பில் தளர்ந்துபோகிறான். எந்தச் சாவியிலும் இது அடங்காது.

முடிவை விடுகதையாக அவிழ்ப்பது

கடைசி அத்தியாயத்தைப் படகோட்டியே சொல்கிறான். ஆக்ஸலும் பியாட்ரிஸும் போக விரும்பும் தீவுக்கு ஒருவர் ஒருவராகத்தான் கொண்டுபோவான். உண்மையான அன்புள்ள ஜோடிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு என்று சொல்லி இருவரையும் தனித்தனியே விசாரிக்கிறான். பியாட்ரிஸைப் படகில் ஏற்றுகிறான். ஆக்ஸல் தண்ணீரில் நடந்து கரைக்குத் திரும்புகிறான். படகோட்டி ஏமாற்றினானா, திரும்பி வருவானா, ஆக்ஸல் மன்னித்தானா மன்னிக்கவில்லையா? இணையத்தில் இதற்குத் தீர்ப்பு எழுதுபவர்கள் ஏராளம்.

தீர்ப்புக்குப் பதில், மரபில் இந்தத் தண்ணீரை எத்தனை பேர் பார்த்து நின்றிருக்கிறார்கள் என்று பாருங்கள். மாலரியில் காயம்பட்ட ஆர்தரை அரசிகள் படகில் ஏற்றி அவலோன் என்ற தீவுக்குக் கொண்டுபோகிறார்கள். “என்னைத் தனியே விட்டுப் போகிறீர்களே” என்று கத்தியபடி அவனுடைய வீரன் பெடிவியர் கரையில் நிற்கிறான். 14-ஆம் நூற்றாண்டின் ‘சர் ஓர்ஃபியோ’வில் கணவன் மறு உலகத்துக்குள்ளேயே போய் மனைவியை மீட்டுக் கூட்டிவந்துவிடுகிறான். மீட்கப் போனவன் மனைவியை இழந்துவிடும் கிரேக்கக் கதையின் சோகத்தை இடைக்காலக் கவிஞர் மனமிரங்கி மாற்றிவிட்டார். கவெய்ன் கவிதை இருக்கும் அதே கையெழுத்துப் பிரதியில் ‘முத்து’ என்று ஒரு கவிதை இருக்கிறது. தொலைந்துபோன சிறுமியை ஒருவன் கனவில் ஆற்றின் அக்கரையில் பார்க்கிறான். பொறுக்க முடியாமல் ஆற்றில் இறங்கப் பாய்கிறான். அந்தக் கணமே விழிப்பு வந்துவிடுகிறது.

ஆக்ஸலுக்கு ஓர்ஃபியோவின் வெற்றி கிடைக்கவில்லை. ‘முத்து’வின் கனவுக்காரனைப் போல அவன் பாயவும் இல்லை. படகோட்டி ஏதோ சொல்ல வர, நின்று கேட்காமல் கரையை நோக்கிப் போகிறான். மரபு தந்த இரண்டு வழிகளையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்றைச் செய்கிறான். அது மனைவியை விட்டுக்கொடுத்ததா, தன் குற்றத்தைக் கடைசியில் ஏற்றுக்கொண்டதா என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு வேறு வேறு விதமாகத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதற்கு இடம் விட்டுத்தான் அந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது.

கடைசியாக ஒரு நடைமுறைத் தவறு. இவ்வளவையும் கேட்டுவிட்டு, மாலரி முழுவதையும் முடித்த பிறகுதான் நாவலைத் தொடுவேன் என்று சிலர் உட்கார்ந்துவிடுவார்கள். தேவையில்லை. நாவலை ஒருமுறை எதுவும் தெரியாமலே படியுங்கள். பிறகு கவெய்ன் கவிதையை மட்டும் படியுங்கள். ஆங்கிலத்தில் சைமன் ஆர்மிடேஜின் 2007 மொழிபெயர்ப்பு சுலபமாகப் போகும். ஜே. ஆர். ஆர். டோல்கீன் மொழிபெயர்த்து 1975-இல் வெளிவந்தது பழைய ஓசையை இன்னும் நெருக்கமாகப் பிடிக்கும், அதே நூலில் ‘முத்து’வும் ‘சர் ஓர்ஃபியோ’வும் சேர்ந்தே இருக்கின்றன. அந்த ஒரு நூலை முடித்துவிட்டு நாவலில் கவெய்ன் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் இரண்டு அத்தியாயங்களுக்குத் திரும்புங்கள். மாலரியும் ஜெஃப்ரியும் அதற்கு அப்புறம் வந்தால் போதும்.